இரண்டாவது கயிறு: தொங்குசாரத் தொழிலின் பாதுகாப்பு வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மாடிக் கட்டடங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உயரத்தையே எண்ணுகின்றனர். எத்தனை மாடி, எத்தனை தொன் உருக்கு, யார் வரைந்த வரைபடம், யார் தந்த பணம் என்பனவே அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. அக்கட்டடத்தின் புறச்சுவரிலே வர்ணம் பூசியவனும், சாளரக் கண்ணாடி துடைத்தவனும், வெடிப்புக் கண்ட கொங்கிறீற்றைக் கொத்திச் செப்பனிட்டவனும் எதன்மேல் நின்று அவ்வேலையைச் செய்தனர் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. அவர்கள் நின்ற பலகை, வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டுவிடும். கட்டடம் எஞ்சும்; சாரம் எஞ்சாது. தொல்பொருளாய்வாளனுக்கும் அகப்படாத இப்பொருளைப்பற்றிய சான்றுகளைத் தேடுவோன் ஈற்றிலே நீதிமன்றப் பதிவேடுகளையே நாடவேண்டியவனாகின்றான். அறுந்து விழுந்த பின்னரே சாரம் ஏட்டில் ஏறுகின்றது.

(எம்மவரிடையே 'சாரம்' என்றதும் இடுப்பில் உடுப்பதே முதலில் நினைவுக்கு வருமாதலின், ஈண்டு அச்சொல் கட்டட வேலைக்கென எழுப்பும் பரணையே குறிக்கின்றது என்பதைச் சொல்லிவைத்தல் நன்று.)

சாரம் இருவகைப்படும். நிலத்திலே கால் ஊன்றி மேலெழும் சாரம் ஒன்று. மூங்கிலும் கமுகஞ் சலாகையும் கயிறும் கொண்டு எமது மேசன்மார் கட்டுவதும், இரும்புக் குழாய்களைப் பூட்டி இன்று நகரங்களில் நிறுத்துவதும் இவ்வகையின. மற்றையது தொங்குசாரம். கூரையிலிருந்து இரு கயிறுகள் இறங்கும். அவற்றின் முனைகளில் ஒரு நீண்ட பலகை அல்லது மேடை தொங்கும். அதன்மேல் நிற்போர் கப்பியை இழுத்தோ, உருளைப் பொறியைச் சுழற்றியோ, பிற்காலத்தில் மின்மோட்டாரை இயக்கியோ தம்மைத் தாமே ஏற்றியும் இறக்கியும் கொள்வர். கப்பல்களின் பக்கத்திற்கு வர்ணம் பூசுவோர் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறை இது. நகரங்களில் வீடுகள் உயர்ந்தபோது வர்ணம் பூசுவோர் இம்முறையைக் கரைக்குக் கொண்டுவந்தனர். உருக்குச் சட்டக மாடிகள் எழத் தொடங்கியபின், நிலத்திலிருந்து இருபது முப்பது மாடிக்குச் சாரம் எழுப்புவது கட்டுப்படியாகாத செலவாயிற்று. கூரையிலிருந்து தொங்கவிடுவது மலிவானது, விரைவானது, தெருவையும் மறிக்காதது. தொங்குசாரம் பரவியமைக்குக் காரணம் இந்தச் சிக்கனமே.

இச்சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. நிலத்தில் ஊன்றிய சாரத்தின் குறை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். சாய்ந்த கம்பும் தளர்ந்த முடிச்சும் ஏறுபவனுக்கே புலனாகும். தொங்குசாரத்திலோ உயிர் தங்கியிருக்கும் இடம் வேலையாளின் தலைக்குமேல், கூரையின் விளிம்புக்கு அப்பால், அவன் காணமுடியாத ஓரிடத்தில் உள்ளது. அங்கே கொக்கியை மாட்டியவன் ஒருவன். எதிர்ப்பாரத்தை அடுக்கியவன் இன்னொருவன். அதற்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என முடிவு செய்தவன் மூன்றாமவன். பலகையில் நிற்பவன் இம்மூவரையும் நம்பியே கால் வைக்கின்றான். எனவே தொங்குசாரத்தின் பாதுகாப்பு என்பதைக் கயிற்றின் வலுவாக மட்டும் கொள்ளுதல் போதாது. மனிதருக்கிடையிலான ஓர் உறவின் தன்மையும் அதில் அடங்கியுள்ளது.

பொறியியல் நோக்கிற் பார்ப்பினும் இது தெளிவாகும். கூரை விளிம்பிலிருந்து வெளியே நீளும் தாங்குவளை ஒரு நெம்புகோலாகும். மூன்று மீற்றர் நீளமான வளை அரை மீற்றர் வெளியே நீண்டு, அதன் நுனியில் 500 கிலோ தொங்குகின்றது எனக் கொள்வோம். பின்முனையில் 100 கிலோ வைத்தால் இரண்டும் சமநிலையில் நிற்கும். ஆனால் சமநிலை என்பது விழுவதற்கு முந்திய கணமேயன்றிப் பாதுகாப்பன்று. கவிழ்க்கும் விசையைப்போல் நான்கு மடங்கைத் தாங்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு திருத்தியமைக்கப்பட்ட சார விதிகளின் கோரிக்கை. அவ்வாறாயின் 400 கிலோ வேண்டும். இப்போது அதே வளையைக் கால் மீற்றர் மட்டும் வெளியே தள்ளினால், வேண்டிய எதிர்ப்பாரம் ஏறக்குறைய 670 கிலோவாக உயர்ந்துவிடுகின்றது. ஒரு சாணளவு மாற்றத்திற்கு மூன்றில் இரண்டு பங்கு மேலதிகப் பாரம்! கூரையிலே ஒருவன் தன் வசதிக்காக வளையைச் சற்று நகர்த்தியதைக் கீழே தொங்குபவன் எவ்வாறு அறிவான்? அவ்விதிகள் மணலையும் சரளையையும் எதிர்ப்பாரமாகப் பயன்படுத்துதலைத் தடைசெய்தமைக்கும் காரணம் இத்தகையதே. சாக்கு கிழிந்தால் மணல் மெல்ல ஒழுகிவிடும். ஒழுகுவது எவர் கண்ணிலும் படாது.

கயிற்றின் கதையும் இதுவே. மணிலாக் கயிறு ஈரத்திற் கிடந்தால் உள்ளே மக்கும். புறத்தோற்றம் நன்றாகவே இருக்கும். கற்சுவரைக் கழுவப் பயன்படும் அமிலம் தெறித்தால் அக்கயிறு இற்றுப்போகும். கம்பிக்கயிற்றின் உள்ளிழைகள் துருப்பிடிப்பதையும் வெளியே பார்த்து அறிதல் அரிது. மேடையைத் தாங்கும் கயிறு, தாங்கவேண்டிய பாரத்தைப்போல் ஆறு மடங்கைத் தாங்கத்தக்கதாயிருத்தல் வேண்டும் என மேற்கூறிய விதிகள் வற்புறுத்துவது, கண்ணுக்குத் தெரியாத இத்தேய்வுகளையும் கணக்கில் எடுத்தேயாகும்.

இவை அனைத்தும் தவறினாலும் மனிதன் பிழைக்கும் வழி ஒன்று உண்டு. அது இரண்டாவது கயிறு. மேடையைத் தாங்கும் கயிறுகளோடு எத்தொடர்பும் இன்றி, கூரையில் வேறோர் இடத்திற் பிணைத்து நிலம் வரை இறக்கப்படும் காப்புக்கயிறு. அதிலே வழுக்கிச் செல்லும் ஒரு பிடி. அப்பிடியோடு பிணைந்த, தொழிலாளி உடலிற் பூணும் வார்க்கச்சை. மேடை வீழ்ந்தால் அது தனியே வீழும். அவன் கயிற்றில் தொங்கி நிற்பான். காப்புக்கயிற்றை மேடையின் கயிறு பிணைத்த அதே இடத்திற் பிணைத்தால் இரண்டாவது கயிறு என்பது பெயரளவிலேயே உண்டு. ஓர் ஆளுக்கு ஒரு கயிறு என்பதும் இதன் அடிப்படை. இடுப்பில் மட்டும் கட்டும் பட்டி விழுந்தவனின் வயிற்றையே நசுக்கியமையால், விழுதலைத் தடுக்க அதனைப் பயன்படுத்தலாகாது என 1998ஆம் ஆண்டு ஜனவரி முதல் அமெரிக்காவில் விலக்கினர். தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்கும் முழுக்கச்சை அதன் இடத்தைப் பெற்றது. இவையெல்லாம் நுட்பமான கண்டுபிடிப்புகள் அல்ல. ஒரு கயிறு அறுந்தால் இன்னொன்று வேண்டும் என்பதை அறிய விஞ்ஞானம் தேவையில்லை. அவ்வாறாயின் இந்த எளிய கயிறு ஏன் இத்துணைப் பேருக்குக் கிடைக்காது போயிற்று? இவ்வினாவுக்கு விடை காண நாம் 19ஆம் நூற்றாண்டின் சட்டத்திற்குச் செல்லவேண்டும்.

'விரும்பி ஏற்ற' ஆபத்து

கைத்தொழிற் புரட்சி பிரித்தானியாவில் முதிர்ந்த காலத்திலே, காயமுற்ற தொழிலாளி தன் முதலாளியிடம் நட்டஈடு பெறுவதை மூன்று கோட்பாடுகள் மறித்து நின்றன. முதலாவது, சக வேலையாள் கோட்பாடு. 1837ஆம் ஆண்டின் பிறீஸ்ற்லி எதிர் ஃபவுலர் என்னும் வழக்கிலே, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து தொடையெலும்பு உடைந்த ஓர் இறைச்சிக்கடை வேலையாளுக்கு யூரிமார் நட்டஈடு வழங்க, மேல்மன்று அதனை மறுத்தது. அதன் வழிவந்த கோட்பாட்டின்படி, உடன் உழைக்கும் இன்னொருவனின் கவனயீனத்தால் நேர்ந்த தீங்குக்கு முதலாளி பொறுப்பாளியல்லன். இரண்டாவது, ஆபத்தை ஏற்றல். வேலையின் ஆபத்தை அறிந்தே ஒருவன் அதில் சேர்கின்றான். அந்த ஆபத்துக்கான ஈடு அவனது கூலியிலேயே அடங்கியுள்ளது என்பது இதன் வாதம். 1842இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிரதம நீதியரசர் லெமுவெல் ஷோ, ஓர் இரயில்வேத் தொழிலாளியின் வழக்கிலே இதனைத் தெளிவாகவே உரைத்தார். மூன்றாவது, பங்குக் கவனயீனம். காயமுற்றவனிடத்திலும் சிறு தவறு இருப்பின் அவன் கோரிக்கை முற்றாகவே அழிந்துபடும்.

இம்மூன்றையும் தொங்குசாரத்தின்மேல் வைத்துப் பார்த்தால் இவற்றின் உண்மை உருவம் வெளிப்படும். கூரையிற் கொக்கியை மாட்டியவன் யார்? சக வேலையாள். எனவே முதலாளி பொறுப்பல்லன். உயரத்தில் தொங்குவது ஆபத்தென்பதை அறியாதார் உண்டா? இல்லை, ஆகவே விரும்பி ஏற்றான். பலகை சாய்ந்தபோது பிடியைத் தவறவிட்டவன் யார்? அவனே. முதலாளித்துவ உறவிலே உழைப்பை விற்கும் சுதந்திரம் எனப்படுவது, பசிக்கும் பலகைக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்யும் சுதந்திரமாக இருந்தது. நீதிமன்றம் அதனை இரு சமமானவர்களின் ஒப்பந்தமாகக் கண்டது.

இக்காட்சி மாறுவதற்குத் தொழிற்சங்க இயக்கமும் வாக்குரிமையின் விரிவும் வேண்டியிருந்தன. பிரித்தானியாவின் 1880ஆம் ஆண்டு முதலாளிமார் பொறுப்புச் சட்டம் சக வேலையாள் கோட்பாட்டைச் சிறிது தளர்த்தியது. 1891இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கு, ஆபத்தை அறிந்திருத்தல் வேறு, அதற்கு உடன்படுதல் வேறு என்று வகுத்தது. பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தவனின் தலைக்குமேல் பாரந்தூக்கி கற்களை ஆட்டிச்சென்றது. அது அவனுக்குத் தெரியும். ஆயினும் தெரிந்திருந்தமையால் அவன் இசைந்தான் என ஆகாது என்றனர் பிரபுக்கள். 1897ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, யார் தவறு என்ற வினாவையே ஒதுக்கிவிட்டு நட்டஈடு வழங்கும் முறையைத் தொடக்கிவைத்தது.

ஆனால் அச்சட்டம் எல்லாக் கட்டடத் தொழிலாளரையும் தன் குடைக்கீழ்க் கொள்ளவில்லை. கட்டடம் முப்பது அடிக்கு மேற்பட்டதாயிருத்தல் வேண்டும். கட்டும் வேலையோ திருத்தும் வேலையோ ஆயின், அது சாரத்தின் துணைகொண்டு நடைபெறுதல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உடனே எழுந்தது வழக்கு மழை. ஏணி சாரமாகுமா? கட்டடத்தின் உள்ளே மரத்தாங்கிகளின்மேல் பரப்பிய பலகை சாரமாகுமா? இருபத்தொன்பது அடியில் விழுந்தவனின் விதவை என்ன செய்வாள்? கற்றறிந்த வழக்கறிஞர் ஒரு சொல்லின் பொருளைப்பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தனர். நிகண்டு செய்தோர்கூடச் சாரம் என்னும் சொல்லுக்கு இவ்வளவு பொருள் கண்டிரார். 1906ஆம் ஆண்டின் சட்டம் இந்த எல்லைகளை அகற்றிய பின்னரே அவ்வாதங்கள் ஓய்ந்தன.

தவறைத் தேடாது ஈடு வழங்கும் அதே அடிப்படை இலங்கைக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாக வந்தது. டொனமூர் யாப்பின் கீழமைந்த முதலாவது அரசாங்க சபையிலே தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராயிருந்தவர் மலையக மக்களிடையிலிருந்து எழுந்த பெரி. சுந்தரம் என்பது நினைவு கூரத்தக்கது. ஆயினும் நட்டஈட்டுச் சட்டத்தின் இயல்பான எல்லை ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். அது விழுந்தபின் பேசும் சட்டம். உயிருக்கும் உறுப்புக்கும் ஒரு தொகையை விதித்துக் கணக்கை முடிக்கும் சட்டம். அத்தொகை இரண்டாவது கயிற்றின் விலையைவிடக் குறைவாயிருக்கும்வரை, கணக்குப் பார்க்கும் முதலாளி கயிற்றை வாங்குவானா என்பது ஐயத்துக்குரியது.

நியூயோர்க்கின் சாரச் சட்டம்

இதற்கு மாறான வழியொன்றைத் தேர்ந்த மாநிலம் நியூயோர்க். பிரித்தானியாவின் நட்டஈட்டுச் சட்டத்திற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பாக, 1885இலேயே, சாரம் பற்றித் தனிச் சட்டம் ஒன்றை அம்மாநிலச் சட்டசபை நிறைவேற்றியது. கட்டடத்தைக் கட்டவோ திருத்தவோ வர்ணம் பூசவோ ஆளமர்த்தும் ஒருவர், தெரிந்தோ கவனயீனமாகவோ, உயிருக்கும் உறுப்புக்கும் தக்க பாதுகாப்பளிக்காத சாரத்தை வழங்கலாகாது என்றது அச்சட்டம். 'தெரிந்தோ கவனயீனமாகவோ' என்ற சொற்றொடரிலே பழைய கோட்பாடுகள் ஒளிந்திருந்தன. முதலாளிக்குத் தெரிந்திருந்தது என்பதை இறந்தவனின் மனைவி எவ்வாறு நிரூபிப்பாள்?

1897ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்திலே அச்சொற்கள் நீக்கப்பட்டன. தொங்குசாரத்தைப்பற்றித் தனியாகவும் அச்சட்டம் பேசியது. நிலத்திலிருந்தோ தளத்திலிருந்தோ இருபது அடிக்குமேல் தொங்கும் சாரத்திற்கு முப்பத்துநான்கு அங்குலத்துக்குக் குறையாத உயரமுள்ள கைப்பிடிச் சட்டம், வெளிப்பக்கம் முழுவதற்கும் இரு முனைகளுக்கும் இருத்தல் வேண்டும். சுவரைவிட்டு ஆடி விலகாதவாறு மேடை பிணைக்கப்படல் வேண்டும். சாரம் எதுவாயினும் அதன்மேல் வைக்கும் உச்சப் பாரத்தைப்போல் நான்கு மடங்கைத் தாங்கவேண்டும். இன்றைய விதிகளின் கரு அந்நூற்றாண்டின் இறுதியிலேயே எழுத்தில் வந்துவிட்டது என்பது நோக்கற்பாலது. நாம் அறியாமையால் மனிதரை இழக்கவில்லை.

1900ஆம் ஆண்டு ஸ்ரூவேட் எதிர் ஃபேர்கசன் வழக்கிலே அம்மாநிலத்தின் உயர் மேன்முறையீட்டு மன்று, நீக்கப்பட்ட சொற்களுக்குரிய பொருளை எடுத்துரைத்தது. முதலாளி அறிந்திருந்தாரா, கவனமாயிருந்தாரா என்பது இனி வினாவன்று. பாதுகாப்பற்ற சாரத்தை வழங்கியமையே போதுமானது என்றது. 1921இல் இவ்விதி தொழிற் சட்டத்தின் 240ஆம் பிரிவாயிற்று. 1948ஆம் ஆண்டுக் கோனிக் வழக்கிலே, தொழிலாளியின் பங்குக் கவனயீனம் இப்பிரிவின்கீழ் எதிர்வாதமாகாது என்பது உறுதியாயிற்று. வேலைத்தளத்தில் நிற்கும் தொழிலாளி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் நிலையில் இல்லை என்ற சமூக உண்மையை அம்மன்று ஏற்றுக்கொண்டது. 1969ஆம் ஆண்டுத் திருத்தம் பொறுப்பை உடைமையாளர் மீதும் பிரதான ஒப்பந்தகாரர் மீதும் நேரடியாகவே சுமத்தியது. உப ஒப்பந்தகாரனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வழி அடைபட்டது.

இவ்வெற்றி எதிர்ப்பின்றி நிலைத்தது எனல் தவறு. 1980இல் ஒரு குடும்ப, இரு குடும்ப வீட்டு உடைமையாளர் பலருக்கு விலக்களிக்கப்பட்டது. 2003இல், விபத்துக்குத் தொழிலாளி மட்டுமே காரணமாயின் பொறுப்பு எழாது என மன்று வரையறுத்தது. காப்புறுதிக் கட்டணம் ஏறிவிட்டது, கட்டட முயற்சிகள் முடங்குகின்றன எனக் கூறிப் பிரிவு 240ஐத் தளர்த்தவேண்டும் என ஒப்பந்தகாரரும் காப்புறுதி நிறுவனங்களும் ஆண்டுதோறும் கோரி வந்துள்ளனர்; தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றுள்ளன. இலினோய் மாநிலத்தில் 1907ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இதையொத்த சட்டம் 1995இல் முற்றாகவே நீக்கப்பட்டது. சமூகச் சட்டங்கள் முன்னோக்கியே செல்வன என நம்புவோர் இலினோயைக் கவனித்தல் வேண்டும்.

கோல்டன் கேற்: வலையும் மேடையும்

சட்டத்தின் வரலாறு இவ்வாறிருக்க, தொழில்நுட்பத்தின் புகழ்பெற்ற ஓர் அத்தியாயம் சன் பிரான்சிஸ்கோ நகரிலே எழுதப்பட்டது. 1933ஆம் ஆண்டு ஜனவரியிலே கோல்டன் கேற் பாலத்தின் கட்டுமானம் தொடங்கியது. அக்காலத்துப் பாலம் கட்டுவோரிடையே ஒரு வாய்பாடு வழங்கியது: பத்து இலட்சம் டொலர் செலவுக்கு ஓர் உயிர். மூன்றரைக் கோடி டொலர் செலவிடப்பட்ட இப்பாலத்திற்கு அவ்வாய்பாட்டின்படி முப்பத்தைந்து பேர் 'வரவு செலவில்' அடங்கியிருந்தனர் எனலாம். மனித உயிரைச் சீமெந்தோடும் உருக்கோடும் சேர்த்து எண்ணிய இக்கணக்கைப் பிரதம பொறியியலாளர் ஜோசப் ஸ்ற்ராவுஸ் ஏற்க மறுத்தார். கடினத் தொப்பி கட்டாயமாக்கப்பட்டது. உயரத்தில் வீரம் காட்டி விளையாடுவோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். 1936இல் பாலத்தின் தளத்திற்குக் கீழே, ஒரு கரையிலிருந்து மறுகரை வரை, மணிலாக் கயிற்றாலான வலை விரிக்கப்பட்டது. பாலத்தின் அகலத்துக்கு அப்பாலும் இருமருங்கும் பத்து அடி நீண்டு நின்ற அவ்வலைக்கு ஏறக்குறைய 1,30,000 டொலர் செலவாயிற்று. அதில் வீழ்ந்து பிழைத்தோர் பத்தொன்பது பேர். 'நரகத்துக்குப் பாதி வழி சென்றோர் சங்கம்' எனத் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டனர் அவர்கள். வலை விரித்தபின் வேலையும் விரைந்தது என்று சொல்லப்படுவதுண்டு. அச்சம் நீங்கிய கால் தயங்காது நடக்குமன்றோ.

ஆனால் அந்த வலை விரிக்கப்பட்ட காலத்தையும் மறத்தலாகாது. அது பெருமந்தத்தின் காலம். வேலைத்தளத்தின் வாயிலிலே, உள்ளே ஓரிடம் காலியாகாதா என்று காத்துநின்றோர் பலர். அத்தகைய நிலையில் 'இப்பலகை எனக்கு நம்பிக்கை தரவில்லை' என்று சொல்லக்கூடிய தொழிலாளி எத்தனை பேர்?

நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஓர் உயிர்கூடப் பலியாகவில்லை. 1936 ஒக்ரோபரிலே பாரந்தூக்கியொன்று சரிந்து ஒருவர் இறந்தார். பின் 1937 பெப்ரவரி 17ஆம் நாள் காலை. தளத்திற்குக் கொங்கிறீற் வார்த்தபின் அடியில் எஞ்சிய மரப் பலகைகளைக் கழற்றுவதற்கு, பாலத்தின் அடிப்புறத்திலே ஒரு மேடை தொங்கவிடப்பட்டிருந்தது. அதன் எடை ஏறத்தாழ ஐந்து தொன். தளத்தின் அடியிலே சில்லுகளின்மேல் நகர்ந்து செல்லும் தொங்குசாரம் அது. அன்று அதனைத் தாங்கிய இணைப்புகள் கைவிட்டன. மேடை ஒரு முனையிலே தொங்கி, பின் முழுவதுமாக வீழ்ந்தது. மனிதனைத் தாங்கிய வலை மேடையைத் தாங்கவில்லை. வலை கிழிந்து நீளமாக உரிந்து, அதில் நின்று மரத்துண்டுகளைப் பொறுக்கியவர்களையும் இழுத்துக்கொண்டு, இருநூறு அடிக்கும் மேலான ஆழத்திலே கடலில் வீழ்ந்தது. வீழ்ந்தோர் பன்னிருவர். பத்துப் பேர் மாண்டனர்; இருவர் பிழைத்தனர். மேடையிலிருந்த இன்னொருவர் பாலத்து வளையொன்றைப் பற்றித் தொங்கி உயிர் தப்பினார். மூன்று மாதங்கழித்து, மே 27ஆம் நாள், பாலம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இவ்விபத்தைக் கொண்டு வலை பயனற்றது என வாதிடுதல் பேதைமை. பத்தொன்பது பேரின் வாழ்வு அதற்கு மறுப்பாக நிற்கின்றது. ஆனால் பெரும்பாலான பாராட்டுரைகள் கவனிக்காது விடும் ஒன்று உண்டு. ஸ்ற்ராவுசின் வலை மனிதனின் வீழ்ச்சியை எதிர்பார்த்தது. மேடையின் வீழ்ச்சியை எதிர்பார்க்கவில்லை. தவறக்கூடியவன் தொழிலாளி, தவறாதது கருவி என்ற ஊகம் அந்த உயர்ந்த உள்ளத்தின் ஏற்பாட்டிலும் ஊடுருவி நின்றது. மேடைக்கு வேண்டிய இரண்டாவது பிணைப்பைப் பற்றி வலை எதுவும் சொல்லவில்லை.

1978 ஏப்ரல் 27ஆம் நாள் மேற்கு வேர்ஜீனியாவின் வில்லோ ஐலண்ட் என்னுமிடத்திலே இந்த ஊகம் இன்னும் பெரிய பலியைக் கொண்டது. மின்நிலையமொன்றின் குளிர்விப்புக் கோபுரம் வட்டமாக மேலெழும்பிக்கொண்டிருந்தது. சாரம், தான் கட்டிய சுவரிலேயே பிணைந்து அதனோடு ஏறிச்சென்றது. அன்று அதனைத் தாங்கவேண்டிய கொங்கிறீற் முதல்நாள் வார்க்கப்பட்டது; வேண்டிய வலுவை அது இன்னும் அடையவில்லை என்பது ஆய்வில் வெளிப்பட்டது. மேற்பகுதி உரிந்து சுற்றிவர வீழ, சாரத்தில் நின்ற 51 பேரும் இறந்தனர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தோர் அவர்களுள் பதினொருவர். கொங்கிறீற் இறுகுவதற்குத் தேவைப்பட்டது காலம். கட்டுமான அட்டவணையிலே இல்லாதிருந்ததும் அதுவே.

ரொறன்ரோ, 2009

நூற்றாண்டுக்கு மேற்பட்ட சட்டமும் விதியும் பயிற்சியும் சேர்ந்தபின் நிகழ்ந்த ஒன்றோடு இவ்வாய்வை நிறுத்தலாம். 2009 டிசெம்பர் 24ஆம் நாள், நத்தாருக்கு முந்திய மாலை. கனடாவின் ரொறன்ரோ நகரிலே ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் பல்கணிகளைச் செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. தொழிலாளர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்த புதுக்குடியேறிகள். ஆண்டு முடிவதற்குள் வேலையை முடிக்கும் அவசரம் ஒப்பந்த நிறுவனத்திற்கு இருந்தது. வழக்கமாக இருவர் நிற்கும் தொங்குமேடையிலே, நாள் முடிந்து கீழிறங்குவதற்காக, தள மேற்பார்வையாளர் உட்பட ஆறு பேர் ஏறினர். இருந்தவை இரண்டே காப்புக்கயிறுகள். பதின்மூன்றாம் மாடியளவில் மேடை நடுவே முறிந்தது. ஐவர் வீழ்ந்தனர், நால்வர் இறந்தனர், ஒருவர் படுகாயங்களோடு உயிர் பிழைத்தார். முறைப்படி தன்னைக் கயிற்றிற் பிணைத்திருந்த ஒருவர் மட்டும் அந்தரத்திலே தொங்கி நின்றார்.

மேடையின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது. அது தாங்கக்கூடிய உச்சப் பாரம் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. இறந்தோரில் மூவரின் உடலிலே கஞ்சாப் பயன்பாட்டின் தடயம் கண்டறியப்பட்டது. மேற்பார்வையாளரும் அவர்களுள் ஒருவர். 19ஆம் நூற்றாண்டின் நீதிமன்றமாயின் இங்கேயே வழக்கு முடிந்திருக்கும். சக வேலையாளின் தவறு, விரும்பி ஏற்ற ஆபத்து, பங்குக் கவனயீனம் ஆகிய மூன்றும் ஒருங்கே கைக்கு எட்டியிருந்தன.

ஆனால் கனடாவிலே வேறொரு சட்டம் அதற்குள் பிறந்திருந்தது. 1992இல் நோவா ஸ்கோஷியாவின் வெஸ்ற்ரே நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 26 பேர் மாண்டனர், எவரும் தண்டிக்கப்படவில்லை. உருக்குத் தொழிலாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் பயனாக, 2004 மார்ச்சு முதல் குற்றவியற் கோவையிலேயே திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வேலையை நெறிப்படுத்தும் ஒருவர் தொழிலாளரின் பாதுகாப்புக்கு நியாயமான நடவடிக்கை எடுத்தல் சட்டக் கடமை. அதைக் கைவிட்டு உயிர்போகச் செய்யின் நிறுவனமும் குற்றவாளியே என்பது அத்திருத்தம்.

ரொறன்ரோ நிறுவனம் 2012இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. விதிக்கப்பட்ட குற்றப்பணம் இரண்டு இலட்சம் டொலர். உயிரொன்றுக்கு ஐம்பதினாயிரம், கோல்டன் கேற் காலத்து வாய்பாடு வேறுருவில் மீண்டது போலத் தோன்றுகின்றது. அரசதரப்பு மேன்முறையீடு செய்தது. 2013இல் ஒன்ராரியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தொகையை ஏழரை இலட்சமாக உயர்த்தியது. அதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது செயற்றிட்ட முகாமையாளரின் வழக்கு. ஆறு பேருக்கு இரண்டே கயிறுகள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் மேடை நகர விட்டார் என்பதே அவர்மீதான குற்றச்சாட்டின் உள்ளடக்கம். 2015இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2016 ஜனவரியிலே மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2018இல் அவரது மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று.

இதற்கிடையே ஒன்ராரியோ அரசு அமைத்த நிபுணர் குழு 2010 டிசெம்பரிலே தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. உயரத்தில் வேலை செய்யும் கட்டுமானத் தொழிலாளர் அனைவருக்கும் கட்டாயப் பயிற்சி 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அப்பயிற்சியிலே வார்க்கச்சையை எவ்வாறு பூணுவது என்பதும், கயிற்றின் பிடியை எவ்வாறு சோதிப்பது என்பதும் கற்பிக்கப்படுகின்றன. பாதுகாப்பற்ற வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு உண்டு என்பதும் சொல்லப்படுகின்றது. அவ்வுரிமை ஒன்ராரியோச் சட்டத்திலே 1970களின் இறுதியிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. நத்தாருக்கு முந்திய அந்த மாலையிலும் அது எழுத்தில் இருந்தது. நாட்டிற்குப் புதியவர்களாய், மொழி முற்றும் பழகாதவர்களாய், ஆண்டிறுதி அவசரத்தில் நின்ற அந்த ஆறு பேரில் ஒருவர் மேடையில் ஏற மறுத்திருந்தால், அடுத்த வாரம் அவருக்கு அங்கே வேலை இருந்திருக்குமா என்ற வினாவை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.